குடல் அழற்சியில் சைட்டோகைன்கள் செய்யும் வேலை: ஊசி மருந்து சிலருக்குக் கேட்டு, சிலருக்குக் கேட்காமல் போவது ஏன்?

கேள்வி இது: நீடித்த குடல் அழற்சியின் இரு முக்கிய வகைகளான குரோன் நோயிலும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸிலும் அழற்சியைத் தூண்டுபவை சைட்டோகைன்கள் என்கிறார்கள். அப்படியானால் அவற்றில் ஒன்றைத் தடுக்கும் ஊசி சிலருக்கு நன்றாகக் கேட்பதும், சிலருக்குக் கேட்கவே மறுப்பதும் ஏன்? ரத்தத்தில் சைட்டோகைன் அளவைப் பார்த்து, எந்த மருந்து என்று முன்கூட்டியே முடிவு செய்ய முடியாதா?

சைட்டோகைன் என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் செய்தி சொல்ல அனுப்பும் சிறு புரதம். ஒரே சைட்டோகைன் ஒரு செல்லில் புண்ணை வளர்க்கும், பக்கத்துச் செல்லில் புண்ணை ஆற்றும். எங்கே சுரக்கிறது, யார் வாங்கிக்கொள்கிறார்கள், எத்தனை நாள் நீடிக்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு மாறுகிறது. ஊசி மருந்துகளின் வெற்றி தோல்வி எல்லாம் இதிலிருந்தே வருகிறது. ரத்தப் பரிசோதனை பற்றிய பதில்: இன்றைய நிலையில் அது பயன்படாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நலமான குடலிலிருந்து தொடங்குவோம். குடலின் உட்சுவர் ஒரே ஒரு அடுக்குச் செல்களால் ஆனது. அந்த அடுக்கு 3 முதல் 5 நாட்களுக்குள் முழுவதும் உதிர்ந்து புதிதாகிறது. அதற்கு மறுபக்கம், பெருங்குடலில், கிராமுக்குச் சுமார் 10,000 கோடி பாக்டீரியாக்கள். இடையில் இரண்டு அடுக்குச் சளிப்படலம். உட்சுவரை ஒட்டியுள்ள உள்ளடுக்கில் பாக்டீரியா ஏறக்குறைய இருக்கவே இருக்காது. உட்சுவருக்குக் கீழே மேக்ரோபேஜ்கள் காவலிருக்கின்றன. உடலின் வேறெங்கும் பாக்டீரியாவைக் கண்டதும் எச்சரிக்கை விடும் இந்தச் செல்கள், குடலில் மட்டும் தப்பி உள்ளே வரும் பாக்டீரியாவைச் சத்தமில்லாமல் விழுங்கிச் செரித்துவிடுகின்றன. அவற்றை அப்படி அடக்கி வைத்திருப்பதும் ஒரு சைட்டோகைன்தான்: இன்டர்லூக்கின்-10, சுருக்கமாக ஐஎல்-10.

இதற்கான சான்று மிக வலுவானது. 1993இல் ஐஎல்-10 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குத் தானாகவே குடல் அழற்சி வந்தது. அதே எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் வரவில்லை. 2009இல், பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சிக்கு ஆளான குழந்தைகளிடம் ஐஎல்-10 ஏற்பியில் (அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தில்) மரபணுப் பிழை இருப்பது கண்டறியப்பட்டது. ஸ்டீராய்டுக்கும் ஊசிக்கும் அடங்காத அந்த நோய் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு அடங்கியது. கோளாறு குடல் சுவரில் இல்லை, ரத்தத்திலிருந்து வரும் நோய் எதிர்ப்புச் செல்களில்தான் என்பது அதனால் உறுதியானது. இரண்டு வயதுக்குள் குடல் அழற்சி வந்த குழந்தைக்கு வழக்கமான மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதற்கு முன் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் ஐஎல்-10ஐ ஊசியாகக் கொடுத்தால் பெரியவர்களின் குரோன் நோய் சரியாகிவிடுமே என்று தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. ரத்தத்தில் செலுத்திய புரதம் குடல் சுவரில் தேவையான இடத்தில் போதிய அளவு சேரவில்லை. அளவைக் கூட்டியபோது தேவையற்ற அழற்சி விளைவுகள் தலைகாட்டின. இடம் தவறினால் நல்ல செய்தியும் பயன்படாது என்பதற்கு இது முதல் உதாரணம்.

அழற்சி எப்படிப் பற்றுகிறது

சளிப்படலம் மெலிவது, செல்களுக்கு இடையிலுள்ள இறுக்கமான இணைப்புகள் தளர்வது, உள்ளே வந்த பாக்டீரியாவைச் சரியாக அழிக்க முடியாமல் போவது: இவற்றில் ஒன்று போதும். 2001இல் குரோன் நோயுடன் முதன்முதலில் தொடர்புபடுத்தப்பட்ட என்ஓடி2 மரபணு, பாக்டீரியாச் சுவரின் துணுக்குகளைச் செல்லுக்குள் இனம்காணும் வேலையைச் செய்வது. அதில் பிழை இருந்தால் அழற்சி குறைய வேண்டும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடப்பது தலைகீழ்: முதல் கட்டத்தில் பாக்டீரியாவை அழிக்க முடியாததால் அது திசுவில் தங்கிவிடுகிறது, அதை எதிர்க்க இரண்டாம் கட்டப் படை திரண்டு வந்து நிலைத்துவிடுகிறது.

அந்த இரண்டாம் படை, ரத்தத்திலிருந்து புதிதாக வரும் மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள். குடலில் பழகிய மேக்ரோபேஜ்களைப் போல இவை அடங்கியிருப்பதில்லை. டிஎன்எஃப், ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-6, ஐஎல்-12, ஐஎல்-23 என்ற அழற்சிச் சைட்டோகைன்கள் எல்லாவற்றையும் சுரக்கின்றன.

டிஎன்எஃப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது முதலில் செல்லின் வெளிச்சவ்வில் பதிந்த புரதமாகத் தோன்றுகிறது. டேஸ் என்ற நொதி அதை வெட்டியதும் கரைந்து திரியும் வடிவமாகிறது. மூன்று மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு கொத்தாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அதற்கு இரண்டு ஏற்பிகள். முதல் ஏற்பி ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. இரண்டாவது பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களிலும் ரத்தக் குழாய் உட்சுவரிலும் உள்ளது. ஏற்பியில் ஒட்டிய சில நிமிடங்களிலேயே செல்லுக்குள் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் கருவுக்குள் நுழைந்து, அழற்சி மரபணுக்களை வரிசையாக இயக்கிவிடுகிறது. உட்சுவர்ச் செல்களில் இது இணைப்புகளைத் தளர்த்துகிறது, செல்லைச் சாகடிக்கிறது, உப்பை உறிஞ்சும் புரதங்களைக் குறைக்கிறது. நீர்போன்ற வயிற்றுப்போக்குக்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான்: சோடியம் உறிஞ்சப்படாமல் தங்குகிறது, கூடவே நீரும் தங்குகிறது. இணைப்புத் திசுச் செல்களில் அது திசுவைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்க வைக்கிறது. புண் ஆழமாவது அதனால்.

ரத்தக் குழாயில் நடப்பதை இன்னும் அருகில் பார்க்கலாம். டிஎன்எஃப் பட்ட சில மணி நேரத்தில் குழாயின் உட்சுவர் தன் மேற்பரப்பில் செலக்டின் என்ற ஒட்டுப் புரதங்களை நீட்டுகிறது. ரத்த ஓட்டத்தில் விரைந்து வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அதில் சிக்கி, வேகம் குறைந்து, சுவரை ஒட்டி உருளத் தொடங்குகிறது. ஐஎல்-8 என்ற அழைப்புச் செய்தி அதன்மீது பட்டதும், நியூட்ரோஃபிலின் இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதங்கள் நிமிர்ந்து, குழாய்ச் சுவரிலுள்ள ஐகேம்-1 புரதத்தை இறுகப் பிடிக்கின்றன, உருளுவது நிற்கிறது. அடுத்து அது தட்டையாகி, குழாய்ச் செல்களின் இடுக்கில் புகுந்து திசுவுக்குள் இறங்குகிறது. அங்கிருந்து ஐஎல்-8 அடர்ந்திருக்கும் திசையில் நகர்ந்து, குடல் சுவரின் சிறு குழிகளுக்குள் சென்று குவிகிறது. நுண்ணோக்கியில் 'கிரிப்ட் சீழ்' என்று நோயியல் அறிக்கை எழுதுவது இந்தக் குவியலைத்தான். அந்த நியூட்ரோஃபிலின் செல் திரவப் புரதத்தில் ஏறக்குறைய பாதி கால்ப்ரோடெக்டின். அது செத்து உடைந்ததும் கால்ப்ரோடெக்டின் மலத்தில் கலக்கிறது. மலப் பரிசோதனையில் அளப்பது இதையே.

தோற்ற மருந்துகள் காட்டியவை

இத்துறையில் வென்ற மருந்துகளைவிடத் தோற்றவையே நோயின் இயக்கத்தைத் தெளிவாகக் காட்டின என்பது என் கருத்து.

டிஎன்எஃப் எதிர்ப்பு மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாப் 1998இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு 2005இல். எடனர்செப்ட் என்பதும் டிஎன்எஃப்பைத் தடுப்பதுதான். முடக்குவாதத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் குரோன் நோயில் அதே அளவில் கொடுத்துப் பார்த்தபோது, 2001இல் வெளியான ஆய்வில், வெற்று ஊசியைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: எடனர்செப்ட் முக்கியமாகக் கரைந்து திரியும் டிஎன்எஃப்பைப் பிடிக்கிறது. குடலிலோ, மேக்ரோபேஜின் சவ்வில் பதிந்திருக்கும் டிஎன்எஃப் நேரடியாக டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லின் இரண்டாம் ஏற்பியைத் தொட்டு, அந்த டி செல்லைச் சாகாமல் காப்பாற்றுகிறது. சாக வேண்டிய நேரத்தில் சாகாத டி செல்கள்தான் அழற்சியை மாதக்கணக்கில் நீட்டிக்கின்றன. இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்றவை சவ்வில் பதிந்த டிஎன்எஃப்பையும் உறுதியாகப் பிடிப்பதால் அந்தத் தொடர்பு அறுகிறது.

அடுத்தது ஐஎல்-12, ஐஎல்-23. இரண்டும் பாதி ஒரே உருவம்: பி40 என்ற பகுதி இரண்டுக்கும் பொது. ஐஎல்-12இல் அதனுடன் பி35 சேர்கிறது, ஐஎல்-23இல் பி19 சேர்கிறது. 2000ஆம் ஆண்டில் பி19 கண்டறியப்படும்வரை, பி40ஐத் தடுத்து வந்த பலனையெல்லாம் ஐஎல்-12இன் கணக்கில் எழுதிவந்தார்கள். உண்மையில் குடலில் பெரும்பங்கு ஐஎல்-23க்கு. 2006இல் ஐஎல்-23 ஏற்பி மரபணுவின் ஓர் அரிய மாற்றம் குரோன் நோயிலிருந்து பாதுகாப்பு தருவது தெரியவந்தது. ஏற்பி கொஞ்சம் மந்தமாக வேலை செய்தால் நோய் குறைகிறது என்றால், அதை மருந்தால் மந்தமாக்கலாம் என்பது இயல்பான அடுத்த படி. உஸ்டெகினுமாப் பி40ஐத் தடுக்கிறது. ரிசான்கிஸுமாப், மிரிகிஸுமாப், குசெல்குமாப் மூன்றும் பி19ஐ மட்டும் தடுக்கின்றன. டிஎன்எஃப் மருந்து கேட்காமல் போன குரோன் நோயாளிகளிடம் ரிசான்கிஸுமாப்பையும் உஸ்டெகினுமாப்பையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சீக்வென்ஸ் ஆய்வு 2024இல் வெளியானது. 48ஆம் வாரத்தில் எண்டோஸ்கோப்பியில் புண் ஆறியவர்கள் முதல் மருந்தில் சுமார் 32%, இரண்டாவதில் சுமார் 16%.

ஐஎல்-23 தூண்டுவதால் டி செல்கள் ஐஎல்-17ஐச் சுரக்கின்றன. அழற்சியுள்ள குடலில் ஐஎல்-17 நிறையவே இருக்கிறது. சொரியாசிஸில் ஐஎல்-17ஐத் தடுத்தால் அற்புதமான பலன். ஆகவே குரோன் நோயிலும் செகுகினுமாப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவு: பலன் இல்லை என்பதோடு, சிலருக்கு நோய் மோசமானது, பூஞ்சைத் தொற்றும் கூடியது. குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு ஐஎல்-17 ஒரு பாதுகாப்புச் செய்தி. அது இணைப்புகளை இறுக்குகிறது, கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களைச் சுரக்க வைக்கிறது, கேண்டிடா பூஞ்சையை அடக்கி வைக்கிறது. அதில் ஒரு பகுதி ஐஎல்-23 இல்லாமலேயே சுரக்கிறது. ஐஎல்-23ஐத் தடுத்தால் கெடுதல் செய்யும் பங்கு குறைந்து, காவல் காக்கும் பங்கு மிஞ்சுகிறது. ஐஎல்-17ஐயே தடுத்தால் இரண்டும் போய்விடுகின்றன.

இது வெறும் ஆய்வகச் செய்தி அல்ல. முதுகெலும்பு அழற்சியோ சொரியாசிஸோ இருக்கும் ஒருவருக்குக் குடல் அழற்சியும் இருந்தால், ஐஎல்-17 தடுப்பு ஊசியைத் தவிர்க்க வேண்டும். மூட்டு மருத்துவரும் தோல் மருத்துவரும் தனித்தனியாகப் பார்க்கும்போது இந்தத் தகவல் விட்டுப்போவது சகஜம். நோயாளியே எடுத்துச் சொல்வது நல்லது. அந்த ஊசி தொடங்கிய சில வாரங்களில் புதிதாக வயிற்றுப்போக்கோ மலத்தில் ரத்தமோ வந்தால், உணவு ஒவ்வாமை என்று தள்ளிவிடாமல் கால்ப்ரோடெக்டின் பார்க்க வேண்டும்.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸில் ஐஎல்-13தான் மூலம் என்று வெகுகாலம் நம்பினார்கள். அதைத் தடுத்த இரண்டு மருந்துகளும் நோயை எதிர்பார்த்தபடி அடக்கவில்லை. டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைனின் வழியைச் சீராக்க முயன்ற மோங்கர்சன் மாத்திரையின் பெரிய ஆய்வு 2017இல் நிறுத்தப்பட்டது. டிஜிஎஃப்-பீட்டா இருமுகம் கொண்டது: அழற்சியை அடக்கும், அதேசமயம் தழும்பையும் வளர்க்கும். குரோன் நோயில் குடல் சுருங்கி அடைப்பு வருவது அந்தத் தழும்பால். இங்கே தொட்டுச் செல்ல வேண்டிய நடைமுறை உண்மை ஒன்று: ஏற்கெனவே நார்த்திசுவாகிப் போன சுருக்கத்தை எந்தச் சைட்டோகைன் ஊசியும் விரிக்காது. வீக்கத்தால் வந்த சுருக்கம் குறையும். தழும்பால் வந்ததற்குப் பலூன் விரிப்போ அறுவை சிகிச்சையோதான். எது எந்த அளவு என்பதை எம்ஆர் எண்டரோகிராஃபி (சிறுகுடலைப் பார்க்கும் எம்ஆர்ஐ) ஓரளவு காட்டும். அதைப் பார்க்காமல் ஊசியின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது காலத்தை வீணாக்கும்.

குடலுக்கு வெளியே ஐஎல்-6

ஐஎல்-6 ரத்தத்தில் கலந்து கல்லீரலை எட்டும்போது, அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதம் உற்பத்தியாகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். ஆகவே அழற்சி அடங்கினால் சில நாட்களிலேயே இறங்கிவிடும். ஆனால் மலக்குடலோடு நிற்கும் கோலைட்டிஸில் சிஆர்பி பல சமயம் இயல்பாகவே இருக்கும். அழற்சிப் பரப்பு சிறியது, கல்லீரலை எட்டும் ஐஎல்-6 போதவில்லை. 'சிஆர்பி நார்மல், அதனால் நோய் இல்லை' என்று முடிவெடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

ரத்தசோகை இன்னும் முக்கியமானது. ஐஎல்-6 கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. ஹெப்சிடின், குடல் செல்லிலிருந்தும் மேக்ரோபேஜிலிருந்தும் இரும்பு வெளியேறும் ஒரே வாசலான ஃபெரோபோர்ட்டினை அழித்துவிடுகிறது. உடலில் இரும்பு இருந்தும் எலும்பு மஜ்ஜைக்குக் கிடைக்காது. மாத்திரையாக விழுங்கியதும் உட்சுவர்ச் செல்லிலேயே சிக்கி, அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும். அழற்சி தீவிரமாக இருக்கும்போதோ, ஹீமோகுளோபின் 10க்குக் கீழே இருக்கும்போதோ நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது இதற்காகத்தான். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் படிப்பதிலும் கவனம் தேவை. அழற்சி இல்லாதபோது லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்புக் குறைபாடு. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறுவதால், 100 வரைக்கும் குறைபாடு இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தின் நிறைவு அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் வளர்ச்சி தடைபடுவதற்கும் ஐஎல்-6, டிஎன்எஃப் இரண்டும் பொறுப்பு. வளர்ச்சி ஹார்மோன் சொல்வதைக் கல்லீரல் கேட்காமல் போய், வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 குறைகிறது. வயிற்று வலி தெரிவதற்கு முன்பே உயரம் நின்றுபோகலாம். எலும்பு மெலிவதற்கு டிஎன்எஃப்பே ஒரு காரணம், ஸ்டீராய்டு மட்டும் அல்ல.

இவ்வளவும் செய்யும் ஐஎல்-6ஐத் தடுத்தால் என்ன? அழற்சி குறையும். ஆனால் உட்சுவர் செல்கள் பெருகிப் புண்ணை மூடுவதற்கும் ஐஎல்-6 வேண்டும். அதைத் தடுக்கும் மருந்துகளில் குடல் துளைபடும் ஆபத்து அறியப்பட்ட ஒன்று. மேலும், சிஆர்பி செயற்கையாக இறங்கிவிடுவதால் உள்ளே சீழ் சேர்வதுகூடத் தெரியாமல் போகலாம்.

ரத்தத்தில் ஏன் அளக்க முடியாது

டிஎன்எஃப் ரத்தத்தில் நிமிடக் கணக்கில்தான் நிற்கும். வேலை நடப்பது குடல் சுவரில், ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையில். சவ்வில் பதிந்த வடிவம் ரத்தத்துக்கு வருவதே இல்லை. போதாக்குறைக்கு, மாதிரியை எடுத்த பின் குழாயிலேயே வெள்ளையணுக்கள் தூண்டப்பட்டு அளவு மாறும். ஒரு சளிக் காய்ச்சல் வந்தாலும் மாறும். 'சைட்டோகைன் பேனல்' என்று விற்கப்படும் பரிசோதனைகளை வைத்துக் குடல் அழற்சிக்கு மருந்து தேர்ந்தெடுப்பதற்கு ஆதாரம் இல்லை. பயாப்சித் திசுவில் பார்த்தபோது ஆன்கோஸ்டாட்டின் எம் என்ற சைட்டோகைன் அதிகமாக உள்ளவர்களுக்கு டிஎன்எஃப் மருந்து சரியாகக் கேட்பதில்லை என்று 2017இல் தெரிய வந்தது. நம்பிக்கை தரும் கண்டுபிடிப்புதான். ஆனால் அன்றாடப் பரிசோதனையாக இன்னும் மாறவில்லை.

இன்று கையில் உள்ள நல்ல அளவுகோல் மலக் கால்ப்ரோடெக்டின். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடல் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250க்கு மேல் என்றால் அழற்சி தீவிரமாக இருப்பதாகக் கொள்ளலாம். இடைப்பட்டதைச் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வலி மாத்திரைகள், தொற்று வயிற்றுப்போக்கு ஆகியவை அளவைப் பொய்யாக ஏற்றும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகளைப் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரமாவது நிறுத்தியிருந்தால் நல்லது. எப்போதும் காலையின் முதல் மலத்தை, ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள்; கிட் மாறினால் எண்ணும் மாறும். சிறுகுடலில் மட்டும் குரோன் இருந்தால் எண் ஏமாற்றலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஊசி கேட்காதபோது பார்க்க வேண்டியவை

இன்ஃப்ளிக்ஸிமாப்பின் வழக்கமான முறை: உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி., 0, 2, 6ஆம் வாரங்களில். பிறகு 8 வாரத்துக்கு ஒருமுறை. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆரம்பத்திலிருந்தே போதிய பலன் கிடைப்பதில்லை. இன்னும் பலருக்கு முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கேட்காமல் போகிறது. அப்போது உடனே வேறு மருந்துக்குத் தாவக் கூடாது. முதலில், இது அழற்சிதானா என்று கால்ப்ரோடெக்டினாலோ எண்டோஸ்கோப்பியாலோ உறுதி செய்ய வேண்டும். தழும்புச் சுருக்கம், கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசீல் தொற்று, பித்த உப்பு வயிற்றுப்போக்கு, உணர்குடல் தொல்லை எல்லாமே ஒரே மாதிரி வேடம் போடும். அடுத்து, மறு ஊசிக்குச் சற்று முன் ரத்தத்தில் மருந்தின் அளவையும், மருந்துக்கு எதிராக உடல் உருவாக்கிய ஆன்டிபாடியையும் பார்க்க வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமாவது, அடாலிமுமாப் 7.5ஆவது இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு.

மருந்து குறைவு, ஆன்டிபாடியும் இல்லை என்றால், மருந்து வேகமாகச் செலவாகிறது என்று பொருள். கடுமையான கோலைட்டிஸில் டிஎன்எஃப் சுமையே மருந்தை விழுங்கிவிடும். போதாததற்குப் புண்பட்ட சுவர் வழியாக ஆல்புமினைப் போலவே மருந்தும் மலத்தில் ஒழுகிப் போகும். ஆல்புமின் குறைந்த நோயாளிக்கு வழக்கமான அளவு போதாமல் போவது இதனால். இங்கே அளவைக் கூட்டலாம், இடைவெளியைக் குறைக்கலாம். மருந்து குறைவு, ஆன்டிபாடி அதிகம் என்றால், கூட்டிப் பயனில்லை. அதே வகையில் வேறொன்றுக்கு மாறி, கூடவே நோய் எதிர்ப்பை அடக்கும் அசதியோபிரின் சேர்ப்பது வழி. எச்எல்ஏ-டிகியூஏ1*05 மரபணு உள்ளவர்களுக்கு இந்த ஆன்டிபாடி எளிதில் உருவாகும். மருந்து போதிய அளவு இருந்தும் அழற்சி குறையவில்லை என்றால், அந்த நோயாளியின் குடலில் இப்போது டிஎன்எஃப் முக்கிய இயக்கி இல்லை. ஐஎல்-23 ஏற்பியைச் சுமந்த, எளிதில் சாகாத டி செல்கள் இப்படிப்பட்டவர்களிடம் பெருகியிருப்பது காணப்பட்டிருக்கிறது. இன்னொரு டிஎன்எஃப் ஊசியைப் போடாமல் வேறு வழிக்கு மாற வேண்டிய இடம் இது.

அந்த வேறு வழிகளில் பி19 ஊசிகளை மேலே சொன்னேன். வெடோலிஸுமாப் எந்தச் சைட்டோகைனையும் தொடாது. டி செல்கள் குடல் ரத்தக் குழாயில் ஒட்டி இறங்குவதையே தடுக்கிறது. ஏற்கெனவே திசுவில் உள்ள செல்களை அது விரட்டாததால் பலன் மெதுவாக வரும். முதல் 14 வாரங்களுக்குள் கைவிடக் கூடாது, குறிப்பாகக் குரோனில். ஜாக் தடுப்பான் மாத்திரைகள் வேறு ரகம். ஐஎல்-6, ஐஎல்-12, ஐஎல்-23, இன்டர்ஃபெரான்-காமா எல்லாம் செல்லுக்குள் செய்தியைக் கடத்த ஜாக் நொதிகளையே நம்புகின்றன. டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-17 நம்புவதில்லை. ஜாக் தடுப்பான்களில் ஒன்றான உபாடாசிடினிப் தினம் 45 மி.கி., கோலைட்டிஸுக்கு 8 வாரம், குரோனுக்கு 12 வாரம், பிறகு 15 அல்லது 30 மி.கி. சில நாட்களிலேயே மாற்றம் தெரியும். சிறு மூலக்கூறு என்பதால் ஆன்டிபாடிப் பிரச்சினையும் இல்லை. அதற்குத் தரும் விலை என்னவென்றால், அக்கி வரும் வாய்ப்பு கூடுகிறது, ரத்தத்தில் கொழுப்பு ஏறுகிறது. வயதானவர்கள், புகைப்பவர்கள், இதய நோய் உள்ளவர்களிடம் ரத்தக்கட்டு ஆபத்தை எடைபோட வேண்டும். கர்ப்பத்தில் கூடாது.

ஸ்டீராய்டு இந்தச் சைட்டோகைன்களில் பலவற்றை ஒரே அடியாக, மரபணு அளவிலேயே அடக்குகிறது. அதனால்தான் பிரெட்னிசலோன் 40 மி.கி. சில நாட்களில் ஆறுதல் தருகிறது. ஆனால் அடங்கிய நிலையை அது தக்கவைப்பதில்லை. குரோனில் புண்ணையும் நம்பகமாக ஆற்றுவதில்லை. வாரம் 5 மி.கி. வீதம் குறைத்து முடிக்க வேண்டும். குறைக்கும்போதெல்லாம் நோய் திரும்பினால், அடுத்த மருந்துக்கு நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

தொடங்குமுன் செய்ய வேண்டிய ஒன்றை விட்டுவிடக் கூடாது. காசநோய்க் கிருமியைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் கட்டும் கிரானுலோமாச் சுவர் டிஎன்எஃப் இருக்கும்வரைதான் நிற்கும். உறங்கும் காசநோய் உள்ளவருக்கு டிஎன்எஃப்பைத் தடுத்தால் சுவர் சரிந்து, கிருமி பெரும்பாலும் நுரையீரலுக்கு வெளியேயும் பரவும். ஆகவே ஐக்ரா (காசநோய்த் தொற்றுக்கான ரத்தப் பரிசோதனை) அல்லது தோல் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். உறங்கும் தொற்று இருந்தால், காசநோய்த் தடுப்பு மருந்து தொடங்கிக் குறைந்தது 4 வாரம் கழித்தே ஊசி. ஸ்டீராய்டில் இருப்பவருக்கு ஐக்ரா பொய்யாக எதிர்மறை காட்டலாம் என்பதால், முடிந்தால் ஸ்டீராய்டுக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. இன்னொரு குழப்பம்: குடல் காசநோயும் குரோன் நோயும் எண்டோஸ்கோப்பியில் ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றும். அந்தச் சந்தேகம் தீராமல் டிஎன்எஃப் ஊசி போடவே கூடாது.

கடைசியாக, நன்றாக இருப்பவர் ஊசியை நிறுத்தலாமா என்ற கேள்வி. இன்ஃப்ளிக்ஸிமாப்பும் அசதியோபிரின் போன்ற மருந்தும் சேர்த்து எடுத்து நன்றாக இருந்த குரோன் நோயாளிகள் இன்ஃப்ளிக்ஸிமாப்பை நிறுத்தியபோது, ஓராண்டுக்குள் ஏறக்குறைய 44% பேருக்கு நோய் திரும்பியது. நிறுத்தும்போது கால்ப்ரோடெக்டினும் சிஆர்பியும் உயர்ந்திருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு அதே மருந்து மறுபடியும் கேட்டது என்பது ஆறுதல். நிறுத்துவதாக மருத்துவரும் நீங்களும் முடிவெடுத்தால், முதல் ஆண்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கால்ப்ரோடெக்டின் பாருங்கள். வயிறு எதுவும் சொல்வதற்குப் பல வாரங்கள் முன்பே அது ஏறத் தொடங்கிவிடும்.